பாட்டு வேறு, கிட்டார் வேறு, சேர்த்துச் செய்வது வேறு

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு விழாவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டாம், வீடியோ எல்லோருக்கும் வந்துவிட்டது. கிட்டாரோடு பாடிய பிள்ளை இரண்டாவது சரணத்தில் நின்றுபோனாள். நடுவராக வந்தவர் மைக்கை வாங்கி, "ஒன்று பாடு, இல்லையென்றால் வாசி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். இதெல்லாம் பிறவியிலேயே வரணும்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

பிறவியில் யாருக்கும் வருவதில்லை. பாடுவது ஒரு வித்தை, கிட்டார் இன்னொரு வித்தை, இரண்டையும் சேர்ப்பது மூன்றாவது வித்தை. அந்த மூன்றாவதைத் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும்.

நான் 31 வயதில் ஆரம்பித்தேன். ஜி, சி, டி என்று கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடி) மாற்றக் கை பழகியிருந்தது. பாட்டும் மனப்பாடம். சேர்த்தால் இரண்டுமே போச்சு. பாட்டில் ஒரு எழுத்து நீண்டால் வலது கையும் அங்கேயே நின்றுவிடும். கை குரலின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து ஒரே கார்டை அடித்துக்கொண்டே இருப்பேன். மனைவி சமையலறையிலிருந்து "சாம்பாரா, ரசமா?" என்று கேட்பாள். கை நிற்காமல் பதில் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. "ரசம்" என்று சொல்லும்போதே தாளம் தடுக்கும். அதற்கே மூன்று வாரம் ஆனது. அப்புறம் வெறும் முனகல், அப்புறம் வரிகளைப் பேச்சாகச் சொல்வது, கடைசியில்தான் மெட்டு. அப்படியும், வார்த்தை அப் ஸ்ட்ரோக்கில், அதாவது கை கீழிருந்து மேலே மீட்டும்போது, தொடங்கும் இடங்களில் விழுந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே, கை மேலா கீழா என்று அம்புக்குறி போட்டுப் பழகினேன். ஒரு பாட்டை முழுசாகப் பாட எட்டு மாதம்.

"கிட்டார் நம்ம மரபா? பாட்டு என்றால் சுருதிப்பெட்டி போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, நம் மரபுக்கே வருகிறேன். கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடும் குழந்தையின் கை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரே வேகத்தில் போடுகிறது. குரல் ஒரு கணக்கு, கை ஒரு கணக்கு. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு எடுத்தால் அதற்கு அனாகதம் என்று பெயரே வைத்திருக்கிறோம். வீணை தனம்மாள் வாசித்துக்கொண்டே பாடினார். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் வில்லுப்பாட்டில் புலவர் கதை சொல்லிப் பாடிக்கொண்டே வீசுகோலால் வில்லை அடிக்கிறார். இவர்கள் எல்லோரும் சேற்றில் கால் வைத்தவர்களா?

"போட்டி என்றால் விமர்சனம் இருக்கும்" என்பவர்களுக்கு: இருக்கட்டும். அவள் எந்த இடத்தில் நின்றாள் என்று விமர்சித்தவர் கவனித்தாரா? எஃப் கார்டுக்குப் போகும் இடம். ஆள்காட்டி விரல் 6 கம்பியையும் அழுத்த வேண்டும், அதே நொடியில் பாட்டும் மேலே ஏறுகிறது. ஒரு கேப்போ (கம்பிகளை ஒன்றாக அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி, சுலபமான கார்டுகளில் குரலுக்கேற்ற சுருதிக்கு மாற்றிக்கொள் என்று சொல்லியிருந்தால் அது விமர்சனம். "பிறவியிலேயே வரணும்" என்றால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்?

எனக்குத் தெரியும், என்ன செய்வாள் என்று. ஐந்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழா ஒத்திகையில் ஒரு ஆசிரியர் எல்லோர் முன்னாலும், "உனக்குத் தாளமே கிடையாது, நீ பின்னால் நின்று வாயை மட்டும் அசை" என்றார். அசைத்தேன். அதன் பிறகு இருபது வருடம் குளியலறையில்கூட நான் பாடியதில்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார், "முன்னெல்லாம் பாடுவியேடா" என்று. நான் திரும்பப் பாடியபோது கேட்க அவர் இல்லை.

அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்று அந்தப் பிள்ளையின் அம்மா நேற்று லிஃப்டில் சொன்னார். அம்மா, இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். என்னிடம் இரண்டு கேப்போ இருக்கிறது. அம்புக்குறி போட்ட என் பழைய நோட்டும் இருக்கிறது.