வெட்டப்பட்டது என்று சொன்னார்கள்

‘துல்லியமாக முன்கூட்டியே வெட்டப்பட்ட பாகங்கள்’ என்று இந்த மாதிரி விமானப் பெட்டியின் மூடியில் அச்சிட்டவர் எவராயினும், அவரை வெள்ளவத்தையில் என் மேசைக்கு முன்னால், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மாலைப் பொழுது உட்கார வைக்க வேண்டும். மின்விசிறியை ஏன் நிறுத்த வேண்டும் என்று, பஞ்சுபோல இலேசான பால்சா மரத்தைத் தொட்ட எவரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பெட்டியிலிருந்து இதுவரை பறந்த ஒரே பொருள், விசிறி சுழன்றபோது அலுமாரிக்குப் பின்னால் போய் விழுந்த வால் துண்டுதான்.

வெட்டப்பட்டதாம். பலகையை எடுத்துப் பார்த்தால் முன்பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது, பின்பக்கத்தில் எதுவுமே இல்லை. தேய்ந்துபோன வெட்டும் அச்சு ஒன்றை மரத்தின் மேல் அழுத்தி, எந்த இடத்தில் வெட்டினால் நன்றாயிருக்கும் என்ற தங்கள் அபிப்பிராயத்தை மட்டும் பதித்துவிட்டு, மீதி வேலையை வாங்கியவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் இரு கரையிலும் மர இழைகள், மொட்டைக் கத்தியால் அறுத்த பாணைப் போல நசுங்கிக் கிடக்கின்றன. புறக்கோட்டையில் திருமண அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தால் மயில் தோகையின் ஒவ்வொரு கண்ணையும் லேசரால் வெட்டித் தருகிறார்கள். இரண்டு நாளில் குப்பைக்குப் போகும் அட்டைக்குக் கிடைக்கிற மரியாதை, பறக்க வேண்டிய விமானத்தின் எலும்புக்கூட்டுக்குக் கிடைக்காதா?

எஃப் 5 என்ற ஃபோமரின், அதாவது விமான உடலுக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டத்தின், கதையைச் சொல்லாமல் விடமாட்டேன். குறிப்புத்தாளோ மிகுந்த பண்புடன், ‘பாகங்களை மெதுவாக அழுத்தி வெளியே எடுக்கவும்’ என்கிறது. மெதுவாக அழுத்தினேன், பலகை முழுவதும் வளைந்தது, எஃப் 5 அசையவில்லை. அனுபவமுள்ளவர்கள் செய்வதுபோலப் பலகையின் பின்புறத்தை நுண்ணிய மணல்தாளால், கோடு தென்படும் வரை தேய்த்தேன். பாதிக் கோடு தென்பட்டது, மீதிக் கோடு தென்படுமுன் பலகை கடதாசியாகிவிடும் போலிருந்தது. புதிய பிளேட்டை எடுத்துக் கோட்டின் மேலேயே மெல்ல மெல்லக் கீறினேன். பிளேட் கோட்டை விட்டுவிட்டு மரத்தின் இழையோடு தன் பாட்டில் போயிற்று. கடைசியில் அது வெளியே வந்தது, ஆனால் ஸ்ட்ரிங்கர் என்ற நீளவாட்டுக் குச்சி உட்கார வேண்டிய 1.6 மி.மீ. அகலப் பள்ளங்களுக்கு நடுவிலிருந்த பற்களில் இரண்டு பலகையிலேயே தங்கிவிட்டன. அந்தப் பற்களைச் சாவணத்தால் பிடித்துச் சுப்பர் குளூ வைத்தால், அந்தப் பசை ஈரத்தைக் கண்டால்தான் இறுகும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், பல் ஃபோமரை அடையும் முன்னரே சாவணத்தோடு இறுகிவிட்டது. இவ்வளவும் ஆன பிறகு, வலப்பக்கத்து எஃப் 5ஐ இடப்பக்கத்து எஃப் 5இன் மேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய அந்த இரண்டு பாதிகளிலும் பள்ளங்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தன. அச்சை வெட்டிய மகானுக்கு ஒரு கண் மட்டும் அன்று விடுமுறையில் போயிருக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கர்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒரு கன மீற்றர் பால்சா 100 கிலோவும் இருக்கும், 250 கிலோவும் இருக்கும்; அந்த வீச்சு முழுவதையும் ஒரே கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் இறுக்கமான குச்சி, வலப்பக்கம் தொய்ந்த குச்சி என்றால் உடல் எந்தப் பக்கம் வளையும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலை இறகுகளின் உள்ளீட்டுக்காக எக்குவடோரின் பால்சா அள்ளிச் செல்லப்பட்டு 2020ஆம் ஆண்டளவில் விலை எகிறியது உண்மைதான், ஆனால் விலை ஏறினால் பெட்டியின் விலையும் ஏறியதே, தரம் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

நான் கட்டுவது ஹோக்கர் ஹரிக்கேன் என்பதுதான் கூடுதல் எரிச்சல். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலின் ஓடுபாதையிலிருந்தும் எழும்பியவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். அந்த உண்மையான விமானத்தின் பின்னுடலும் மர ஃபோமர்களும் ஸ்ட்ரிங்கர்களும் வைத்து, மேலே துணி போர்த்தி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியதுதான். அந்தப் பாகங்களை இந்த நிறுவனத்தார் வெட்டிக் கொடுத்திருந்தால், விமானிகள் ஓடுபாதையோரம் அமர்ந்து எஃப் 5ஐத் தேய்த்துக்கொண்டிருக்கத் தாக்குதல் முடிந்திருக்கும்.

டோப் என்றதும் அடுத்த கொதிப்பு வருகிறது. டிஷ்யூத் தாளை ஒட்டி, நீர் தெளித்து இறுக்கி, டோப் பூசி உலரவிடுங்கள் என்கிறது அதே குறிப்புத்தாள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த ஊரில் எதை உலரவிடுவது? கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, மறுநாள் காலையில் சிறகு முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடுகிறது. இதற்கென்று தாமதமாக உலரச் செய்யும் ஒரு திரவம் உண்டு. அது பெட்டியில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை, குறிப்புத்தாளில் பெயர்கூட இல்லை.

இரண்டு எஃப் 5களையும் அடிமட்டத்தோடு படம்பிடித்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். இன்று பதில் வந்தது. வேறுபாடு அனுமதிக்கத்தக்க எல்லைக்குள் இருப்பதாகவும், பால்சா ஓர் இயற்கைப் பொருள் என்பதை நான் உணர வேண்டும் என்றும், பொருந்தும் வரை தேய்க்கும்படியும் எழுதியிருந்தார்கள். மரம் இயற்கைப் பொருள்தான் ஐயா, அச்சுமா மரத்தில் காய்த்தது? பதிலின் அடியில், மதிப்புமிக்க வாடிக்கையாளர் என்ற முறையில், அடுத்த பெட்டிக்கு எனக்கு விலைக்கழிவு தந்திருந்தார்கள். எந்த விமானம் என்று பார்த்தேன்: ஸ்பிட்ஃபயர். நீள்வட்டச் சிறகு, சிறகின் ஒவ்வொரு விலாவும் வெவ்வேறு அளவு, அத்தனையும் அதே மாதிரி ‘முன்கூட்டியே வெட்டப்பட்டவை’. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த என்னை வீட்டிலுள்ளவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்து முடித்துக் கீழே வாசித்தால், அந்த விலைக்கழிவு இலங்கைக்கு அனுப்பும் பொதிகளுக்குப் பொருந்தாதாம்.