புல்வெளி போனால் தோடர் வீடும் போகும்

எருமை மேய்த்து வாழ்ந்த நீலகிரிப் பழங்குடியினர் தோடர்கள். ஊட்டிப் பக்கம் சில விடுதிகளில் ‘தோடர் குடில்’ என்ற பெயரில் சிமெண்டை வளைத்துப் பூசி, ஆறடிக் கதவும் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை.

நீலகிரியின் பழம்பெரும் வீடு எது என்று கேட்டால், பலரும் வெள்ளைக்காரர் பங்களாவைத்தான் காட்டுவார்கள். கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்தது 1819இல். பாதிரியார் பெனிசியோ 1603இலேயே இங்கே ஏறிவந்து தோடர்களைச் சந்தித்திருக்கிறார். அவர்களுடைய வீட்டு வடிவம் எப்போது, எவர் கையில் தோன்றியது என்பதற்கு எழுத்தில் சான்று கிடையாது. ஆனால் எதற்காகத் தோன்றியது என்பதை அந்த வீடே சொல்லிவிடும்.

பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற உருவம். தடித்த மூங்கில்களை வளைத்து நட்டு, மேலே பிரம்பை நெருக்கமாக வரிசை பிடித்துக் கட்டி, காய்ந்த புல்லை அடுக்கடுக்காக வேய்வார்கள். பக்கச் சுவரும் கூரையும் வேறுவேறு அல்ல. ஒரே வளைவு தரைவரை இறங்குகிறது. மழை நீர் தங்க இடமில்லை, மலைக்காற்று மோதிப் பிய்க்க முனையும் இல்லை. ஏறக்குறைய 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். முன்னும் பின்னும் கல்லோ பலகையோ அடைத்திருக்கும். வாசல் மூன்றடிதான், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். காட்டு விலங்கு எளிதில் புகாது, அடுப்பின் சூடும் வெளியே ஓடாது. அந்த வாசலை உயர்த்திவிட்டு அதைத் தோடர் வீடு என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறது?

இன்று தோடர்களில் பெரும்பாலோர் ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் வீட்டிலும் வாழ்கிறார்கள். நிமிர்ந்து நடக்கும் வீடு வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. என் கோபமெல்லாம் புல்வெளியை அழித்தவர்கள்மேல்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், பிறகு தேயிலையும் மேய்ச்சல் வெளிகளை விழுங்கின. வேயும் புல் விளைந்த சதுப்புகள் சுருங்கின. பழைய முறையில் தோடர் கோயில் கூரையைப் புதுப்பிக்கக்கூட இன்று புல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

வளைந்த சிமெண்டுக்குச் செலவாகும் பணத்தில் சீகையை வேரோடு அகற்றலாம். மீளும் புல்வெளியில் எந்தப் புல்லை வளர்ப்பது, எப்போது அறுப்பது என்பதை மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளின் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். வனத்துறை இதை எழுத்துபூர்வமான உரிமையாகவே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.