டெஸ்டிங் வேலை என்றால் இளக்காரமா?

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிற ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிஃபென்ஸ் ஆசை வருவது இயல்பு. ஆனால் மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை இ.சி.இ., இ.இ.இ. முடித்தவர்களிடம் "டெஸ்டிங்" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. கோடிங்தான் வேண்டுமாம். என்னைக் கேட்டால், ராணுவக் கருவிகளுக்குள்ளேயே ஓடும் எம்பெடட் சாஃப்ட்வேர் துறைக்குள் நுழைய டெஸ்டிங்கைவிட நல்ல வாசல் இல்லை. கோடு எழுதுகிறவருக்கு அவர் மாட்யூல் தெரிந்தால் போதும். டெஸ்ட் பண்ணுகிறவருக்கு ரிக்வயர்மென்ட், ஒயர், சிக்னல், கோடு நாலும் தெரியணும்.

1991 பிப்ரவரி 25, சவுதியின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு சிஸ்டம் நொடியில் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்ததில் ஒரு சின்னப் பிழை இருந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதும் கணக்கு 0.34 நொடி விலகி, ஸ்கட் ஏவுகணையைத் தேட வேண்டிய இடமே மாறிப்போனது. அது அமெரிக்க முகாமில் விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர டெஸ்டில் அந்த விலகல் 0.03 நொடிகூட வந்திருக்காது. ரிப்போர்ட்டில் "பாஸ்" என்றே விழுந்திருக்கும்.

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு எஸ்.டி.எம்.32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அவை ஒயரில் பேசிக்கொள்ள இரண்டு மேக்ஸ்3485 (ஆர்.எஸ்.485) மாட்யூல், சிக்னலைப் படமாகப் பார்க்க ஒரு மலிவான லாஜிக் அனலைசர் வாங்குங்கள். முறுக்கிய ஜோடி ஒயர், இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். 20 மில்லி நொடிக்கு ஒரு ஃபிரேம் (டேட்டாப் பொதி) அனுப்புங்கள்: ஹெடர், நீளம், டேட்டா, பிழை கண்டுபிடிக்கும் சி.ஆர்.சி. எண். கடைசி பைட் மட்டும் அறுந்து வந்தால், அனுப்பி முடியும் முன்பே அனுப்பும் அனுமதி தரும் டி.இ. பின்னை இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பஃபர் காலி என்று மட்டும் சொல்லும் டி.எக்ஸ்.இ. கொடியை நம்பாமல், அனுப்பி முடிந்தது என்று சொல்லும் டி.சி. கொடி வரும்வரை காத்திருக்கணும். ஒரு பைட்டும் நான்கு பைட்டும் சேர்ந்த ஸ்ட்ரக்ட் (சி மொழியில் டேட்டாத் தொகுப்பு) ஐந்து பைட்டாக இல்லாமல், இடையில் காலியிடம் விட்டு எட்டாக நிற்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

ஓடியதும் கெடுக்க ஆரம்பியுங்கள். அதுதான் வேலையே. சி.ஆர்.சி.யை மாற்றுங்கள், நீளத்தில் 255 போடுங்கள், ஃபிரேம் பாதியில் ஒயரைப் பிடுங்குங்கள். 100 மில்லி நொடிக்குள் ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போகிறதா? ஒரு மீட்டர் ஒயரில் 120 ஓமைக் கழற்றினாலும் ஓடும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நீள ஒயரில் சிக்னல் கெடும்.

ராணுவ விமானக் கருவிகளை இணைக்கும் 1553பி டேட்டா பஸ்ஸுக்கான கார்டு விலை லட்சங்களில் இருக்கும், வாங்க வேண்டாம். அடிப்படை போதும்: 1 மெகாபிட் வேகம், 31 டெர்மினல், 20 பிட் வேர்டு, பதில் 4 முதல் 12 மைக்ரோ நொடிக்குள்.

ராணுவக் கருவிகளுக்கான அமெரிக்கச் சோதனைத் தரம் மில்-ஸ்டாண்டர்ட் 810இல் உப்புப் பனி டெஸ்ட் ஒன்று உண்டு. 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசல், 24 மணி நேரம் தெளிப்பு, 24 மணி நேரம் உலர்த்தல், இப்படி இரண்டு சுற்று. பாம்பன் காற்றில் நிற்கும் பைக் படுகிற பாடுதான். கனெக்டர் பின்னில் பச்சை பூத்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும், பழி சாஃப்ட்வேர் மேல் விழும். முதலில் மல்டிமீட்டரை வையுங்கள்.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் சயின்டிஸ்ட் பி வேலைக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வேண்டும். பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ட்ரெய்னி இன்ஜினியர் ஒப்பந்தப் பணிதான், ஆனால் கை பழக நல்ல இடம். பெங்களூரு, ஹைதராபாத் தனியார் நிறுவனங்களுக்கு அந்த இரண்டு போர்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையே ரெஸ்யூமோடு இணையுங்கள்: எதிர்பார்த்தது, வந்தது, அலைவடிவப் படம்.

போலீஸ் வெரிஃபிகேஷன் வரும். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். சேர்ந்த பிறகு எந்த ப்ராஜெக்ட் என்று சமூக வலைத்தளத்தில் பதிவு போடாதீர்கள் தம்பி, தங்கச்சிகளே.