அந்த அம்மாவை விசாரிப்பதை நிறுத்துங்கள்

ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களில் அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விடுகிறாள். முதலில் கல்யாணங்களுக்கு வருவது நிற்கும், அப்புறம் பிறந்தநாள் விருந்து, அப்புறம் கோயில். கேட்டால் பிள்ளைக்குச் சளி என்பாள். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் தங்கையும் இப்படித்தான் ஒதுங்கினாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அவளை வீட்டுக்குள் தள்ளியது பிள்ளையின் அழுகை இல்லை, நம் ஆட்களின் கேள்விகள். "மாசமா இருந்தப்போ என்னம்மா சாப்பிட்டே?" "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" "குலதெய்வத்துக்கு ஏதாவது நேர்த்திக்கடன் பாக்கி இருக்கா?" படித்தவர்கள் என்றால், போனைக் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டாயா என்பார்கள். எப்படிக் கேட்டாலும் அதற்குள் இருப்பது, நீ என்ன தப்பு செய்தாய் என்பதுதான்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதைக் கேட்டிருக்கிறது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு, பாசம் காட்டாத அம்மாவால்தான் இது வருகிறது என்ற பேச்சு பரவி, புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960களிலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவர் மகனுக்கும் ஆட்டிசம்தான், 1964இல் இதை அடித்து மறுத்தார். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகத் தெரியும். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் இன்னும் ஒரு கதை சுற்றுகிறதே, அது 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2019இல் வந்த ஆய்விலும் தொடர்பு எதுவும் இல்லை. சரி, இதோடு அதை விடுங்கள்.

குற்றம் சொல்வது போலவே கெடுதல் செய்கிற இன்னொன்று, ஆறுதல் என்ற பெயரில் சொல்வது. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் மாமா நாலு வயசுல தானே பேசினான்." இப்படியே இரண்டு வருஷம் போய்விடும். கிளினிக் கார்டில் ஊசித் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், வளர்ச்சிப் பக்கத்தையும் பாருங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் "அங்கே பார்" என்று விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய வார்த்தைகள் நின்றுபோயின என்றால் காத்திருக்க வேண்டாம். இது ஆட்டிசம்தான் என்று அர்த்தமில்லை, ஆனால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.

என் தங்கை மகனுக்கு இப்போது நாலு வயது. அவனுக்கு ஃப்ரிட்ஜில் ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையை ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நாம் அவனிடம் எப்படிக் கேட்டோமோ அதே ராகத்தில், கேள்வியாகவே. பார்க்கிறவர்களுக்கு அது உளறல் மாதிரி இருக்கும். தண்ணீரை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை மேஜையின் அதே மூலையில் வைப்பான். அவன் சொல்ல வந்ததைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்!

இதில் ஒரு பள்ளியில், வீட்டில் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று அறிவுரை வேறு சொன்னார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அவனுக்கு இருக்கிற பாட்டி தமிழில்தான் கொஞ்சுவாள், தமிழில்தான் கதை சொல்வாள். அதை எதற்குப் பிடுங்க வேண்டும்?

மறைத்து வைப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார்கள். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது அப்படிப் போக முயன்றிருக்கிறார்கள். தண்ணீர் என்றால் பலருக்கு உயிர், பக்கத்து வீட்டு நீச்சல் குளத்துக்கு நேராகப் போவார்கள். தெருவில் நாலு வீட்டுக்கு விஷயம் தெரிந்திருந்தால்தானே பிடித்து நிறுத்துவார்கள்? அக்கம்பக்கத்துக்குச் சொல்லக்கூட ஒரு அம்மா கூசுகிறாள் என்றால், அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

அரசு உதவித்தொகையும் அப்படித்தான். கடுமையான குறைபாடு உள்ள, முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு 18 வயதாகும் வரை சாசா (SASSA) என்ற அரசு சமூகப் பாதுகாப்பு நிறுவனம் மூலம் மாதாமாதம் பணம் கிடைக்கும். வருமான வரம்பு உண்டு, மருத்துவ மதிப்பீடும் வேண்டும், எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் தகுதி இருந்தும், வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களே என்று விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் அவர்களோடு துணைக்குப் போங்கள், அவர்கள் வரிசையில் நிற்கும்போது பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு விழுந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு போகும், ஒருத்தர் டீ போடுவார், ஒருத்தர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார், ஏன் எப்படி என்று யாரும் துருவ மாட்டார்கள். அதே கையும் காலும்தான் இங்கேயும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள், அவள் தூங்கட்டும். கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள், அவன் சோறு மட்டும்தான் சாப்பிடுவான் என்றால் சோறு மட்டும் வையுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அதையும் ஒரு நாள் பீச்சுக்குக் கூட்டிப் போங்கள், அதற்கும் அம்மா அப்பா நேரம் கிடைப்பதில்லை. தீபாவளிக்கு எத்தனை மணிக்கு வெடிப்போம் என்று தெரு குரூப்பில் முன்னாடியே போடுங்கள், திடீர்ச் சத்தம்தான் அவனுக்குத் தாங்காது.

கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். காவடி அன்று மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளைக்கு, ஹாலுக்குப் பின்னால் ஒரு அறையைத் திறந்து வையுங்கள். ஒரு பாய், ஒரு மின்விசிறி, கதவில் ஒரு ஆள் போதும். கூட்டம் சேருவதற்கு முன்னால், காலையிலேயே அந்தக் குடும்பங்கள் வந்து விபூதி வாங்கிக்கொண்டு போக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் நானே வந்து பேசுகிறேன், கதவுக்குக் காவல் உட்காருவதும் நான்தான்.