ப்ளாக்அவுட்னா ஒரு பொட்டு வெளிச்சம் கூட வரக்கூடாது

எங்க அக்கா நர்ஸ். நைட் டூட்டி முடிச்சு காலைல எட்டரைக்கு வீட்டுக்கு வரும், ரெண்டு இட்லி சாப்பிட்டு படுத்தா கிழக்கு பாத்த ரூம், வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். போன மாசம் எங்கிட்ட சொல்லாமலே ஆன்லைன்ல "ப்ளாக்அவுட்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்த ஜன்னல் ஸ்க்ரீன் ரெண்டு வாங்கி மாட்டிருச்சு. தம்பிக்கு எதுக்கு செலவுன்னு நெனச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை போய் பாத்தேன். காலைல ஒம்போது மணிக்கு துணி பூரா டிகாஷன் கலர்ல ஒளிருது, பின்னாடி ஜன்னல் கம்பிய ஒண்ணொண்ணா எண்ணலாம். அக்கா துப்பட்டாவ கண்ணு மேல கட்டிக்கிட்டு படுத்திருக்கு. எனக்கு அவ்ளோ கோவம்.

பதினோரு வருஷமா ஸ்க்ரீன் தைக்கிற வேலைல இருக்கேன், தொட்டாலே தெரிஞ்சிருச்சு அது டிம்அவுட் துணின்னு. முன்னும் பின்னும் கலர் நூல், நடுவுல கருப்பு நூல் வச்சு நெய்யறது. நல்ல துணிதான், ஹாலுக்கு அருமையா இருக்கும், ஆனா வெயில குறைக்குமே தவிர நிறுத்தாது. ப்ளாக்அவுட் வேற. துணிக்கு பின்னாடி ஃபோம் கோட்டிங் ஏத்துவாங்க, வெள்ளை, அது மேல கருப்பு, திரும்ப வெள்ளை. மூணு தடவை ஏத்துறதால த்ரீ பாஸ்னு சொல்றது. நடுவுல இருக்கற அந்த கருப்புதான் வெளிச்சத்த நிறுத்துது. விலை கூட, வெயிட்டும் கூட. இது தெரிஞ்சேதான் ரெண்டுக்கும் ஒரே பேர போட்டு விக்கிறாங்க.

ப்ளாக்அவுட், டிம்அவுட்ங்கற பேரு ரெண்டும் கடைக்காரன் கண்டுபிடிச்சது இல்லைங்க, ரெண்டாம் உலகப் போர்ல இருந்து வந்தது. பிரிட்டன்ல 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, போர் அறிவிக்க ரெண்டு நாள் முன்னாடியே ப்ளாக்அவுட் ஆரம்பிச்சிருச்சு. விமானத்துல வர்றவனுக்கு கீழ ஊர் இருக்கறதே தெரியக்கூடாது, அதனால வீட்டுக்குள்ள விளக்கு எரியலாம், ஒரு கீத்து வெளிச்சம் வெளிய போகக்கூடாது. கருப்பு துணி, பிரவுன் பேப்பர், பெயின்ட்டுன்னு கைல கெடச்சத வச்சு ஜன்னல அடைச்சாங்க. வார்டன்னு தெருத்தெருவா ஆளுங்க சுத்தி வந்து இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா கதவ தட்டுவாங்க, ஃபைன் கூட உண்டு. கண்ணாடி கூரை போட்ட ஃபேக்டரிகள்ல கூரைக்கே கருப்பு அடிச்சு, பட்டப்பகல்லயும் லைட்ட போட்டு வேலை பாத்திருக்காங்க. அப்புறம் 1944 செப்டம்பர்ல ஆபத்து குறைஞ்சதும் டிம்அவுட்னு தளர்த்தினாங்க. சாதாரண ஸ்க்ரீன் போட்டா போதும், ஆனா சைரன் அடிச்சா பழையபடி முழுசா அடைச்சிரணும். பாருங்க, எங்க கடைல இன்னைக்கு ரெண்டு துணிக்கும் இருக்கற அதே வித்தியாசம்!

அமெரிக்கால 1942ல இன்னும் மோசம். கரையோர ஊருங்கள்ல லைட்ட பளிச்சுனு எரிய விட்டிருந்தாங்க, கடல்ல போற கப்பல் அந்த வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு கருப்பு உருவமா தெரிஞ்சிருக்கு, ஜெர்மன் நீர்மூழ்கி அத குறி வச்சே அடிச்சிருக்கான். ஒரு வெளிச்சத்த மறைக்கிறதுக்கும் கொஞ்சமா குறைக்கிறதுக்கும் நடுவுல ஆள் உயிர் இருந்த காலம் அது.

கரண்ட் போறதையும் ப்ளாக்அவுட்னுதான் சொல்றாங்க, 2012 ஜூலைல வட இந்தியாவே இருண்டுச்சே, அது மாதிரி. 2025 மே மாசம் பாகிஸ்தானோட சண்டை நடந்தப்ப அமிர்தசரஸ் ஜம்மு பக்கம் ப்ளாக்அவுட்னு நியூஸ் வந்தப்ப எங்க குடும்ப குரூப்ல "அங்க கரண்ட் இல்லையா பாவம்"னு கேட்டாங்க. கரண்ட் இருந்தாலும் வெளிச்சம் வெளிய தெரியக்கூடாதுங்கறதுதான் அங்க விஷயம். தமிழ்ல நாம இத பிரிச்சு வச்சிருக்கோம், கரண்ட் போனா மின்தடை, செய்திய அமுக்கினா இருட்டடிப்பு. இருட்டடிப்பு எவ்ளோ நல்ல வார்த்தை, இருட்ட கொண்டாந்து அடிக்கிற மாதிரியே இருக்கு.

வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு செய்ங்க, துணிக்கு பின்னாடி மொபைல் டார்ச்ச ஒட்டி வச்சு பாருங்க. வெளிச்சம் வட்டமா தெரிஞ்சா அது ப்ளாக்அவுட் இல்ல, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அப்புறம் துணி எவ்ளோ நல்லா இருந்தாலும் ஜன்னல் அளவுக்கே தச்சா மேலயும் பக்கவாட்டுலயும் வெளிச்சம் வழியும், ரெண்டு பக்கமும் அரை அடி கூட விட்டு, ஸ்க்ரீன் தொங்கற கம்பிய சுவர் வரைக்கும் வளைச்சு மாட்டுங்க.

அக்காவுக்கு நானே தச்சு கொடுத்தேன். கோட்டிங் துணில ஊசி ஏறின ஓட்டை மூடாது, தப்பா தச்சு பிரிச்சா அந்த வரிசை பூரா நட்சத்திரம் மாதிரி பொட்டு பொட்டா வெளிச்சம் வரும், அதனால குண்டூசி கூட குத்தாம கிளிப் போட்டு, ஒரே தையல்ல முடிச்சேன். நேத்து மதியம் ஒண்ணரைக்கு ஃபோன் அடிச்சேன், மாமாதான் எடுத்தாரு, "இன்னும் தூங்குறா, எழுப்பவா"ன்னாரு. வேணாம்னு வச்சிட்டேன்.