ஊசியில்லா இன்சுலின் சரி, ஸ்ரிப் எங்கே?

"சீனி வருத்தக்காரருக்கு இனி ஊசி தேவையில்லையாம்" என்று ஒரு காணொளி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து முள்ளியவளைச் சின்னம்மா ஊசியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறா. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

வாயால் மூச்சோடு இழுக்கிற இன்சுலின் புதிதல்ல. பைசர் நிறுவனம் 2006இல் எக்சுபெரா என்று ஒன்றைக் கொண்டுவந்தது; விலைப்படாமல் அடுத்த வருடமே கைவிட்டது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃப்ரெசா இன்றும் இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இன்சுலினும் தேவைப்படுகிறவர் அதை ஊசியால்தான் ஏற்ற வேண்டும். தொடங்குமுன் சுவாசப்பையைச் சோதிக்க வேண்டும், ஆஸ்துமாக்காரருக்குக் கூடாது. விறகடுப்புப் புகையிலும் சூடடிக்கிற தூசியிலும் காலம் போக்கிய எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதில் தேறுவார்கள்? போதாக்குறைக்கு அதுவும் பிரிட்ஜ் கேட்கிற மருந்து.

குளிசை? இன்சுலின் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் இறைச்சித் துண்டுபோல் சமித்துவிடும். ஓரமெட் நிறுவனத்தின் குளிசை 2023 தொடக்கத்தில் பெரிய பரிசோதனையில் தோற்றது. அழுத்தத்தால் தோலுக்குள் பீச்சுகிற கருவியும் உண்டு; அதில் ஊசி இல்லை, நோவு இல்லையென்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் ஊசி சின்னப் பிரச்சினை. இப்போது 4 மில்லிமீற்றர் பேனா ஊசிகூட இருக்கிறது. சீனி பார்க்க விரல் நுனியில் குத்துவதுதான் அதைவிட நோகும். நான் காண்கிற சிக்கல் வேறு. ஒரே சிறிஞ்சை முனை மழுங்கும்வரை வைத்திருப்பார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் பழகின இடத்திலேயே குத்துவார்கள். அங்கே தோலுக்கடியில் கொழுப்புத் திரண்டு கட்டியாகும். தடவினால் கைக்குத் தெரியும். அந்த இடம் அவ்வளவாக நோகாது, அதனால் திரும்பவும் அதற்குள்ளேயே குத்துவார்கள். மருந்து ஒழுங்காக இரத்தத்தில் சேராது. அப்புறம் "மருந்து கேக்குதில்லை" என்று அளவைக் கூட்டுவது.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் பாவனையிலுள்ள இன்சுலின் குப்பி நான்கு கிழமை தாக்குப்பிடித்தது. அதை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வையுங்கள். திறக்காதவற்றை அயல்வீட்டுப் பிரிட்ஜில் கொடுத்து வையுங்கள், ஆனால் ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம். உறைந்தால் எறிய வேண்டியதுதான்.

வெளிநாட்டுச் சொந்தங்களே, ஏதாவது அனுப்ப மனமிருந்தால், ஊசியில்லா இன்சுலினைத் தேடாமல், இரத்தத்தில் சீனி பார்க்கிற மீற்றரில் செருகும் ஸ்ரிப் அனுப்புங்கோ. வீட்டில் எந்த மீற்றர் இருக்கிறதென்று முதலில் கேளுங்கோ, வேறு கொம்பனி ஸ்ரிப் அதில் வேலை செய்யாது. காலாவதித் திகதியையும் பார்த்து வாங்குங்கோ.