பேட்டன்ட் ஏஜென்ட்டுக்கு ஏன் பார்ட்னர் நாற்காலி இல்லை?

சட்ட நிறுவனத்தில் வேலை என்றால் கறுப்புக் கோட்டும் ஹைகோர்ட் வராந்தாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கோர்ட் படியே ஏறாமல் சட்ட வேலை பார்ப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். பேங்க் லோனுக்காக முப்பது வருட வில்லங்கத்தையும் மூலப்பத்திரத்தையும் வரி விடாமல் படித்து ஒப்பினியன் எழுதுபவர்கள் ஒரு பக்கம். நான் இங்கே பேச நினைப்பது பேட்டன்ட் ஏஜென்ட்டுகளைப் பற்றி, அதாவது புதுக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு விண்ணப்பம் எழுதி நடத்துபவர்களைப் பற்றி. வழக்கறிஞராக அவர்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன்.

1970 காப்புரிமைச் சட்டப்படி இந்த வேலைக்கு எல்எல்பி தேவையில்லை. அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ ஒரு பட்டம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், காப்புரிமை அலுவலகத்தின் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வு இரண்டு தாள், அப்புறம் வாய்மொழித் தேர்வு. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடி கம்பெனி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியும்?

வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பம்ப் தயாரிப்பாளர் வருகிறார். "கரண்ட் கம்மியா இழுக்குது, தண்ணி அதிகமா தூக்குது" என்கிறார். அதை அப்படியே எழுதினால் விண்ணப்பம் நிற்காது. எந்தப் பாகத்தை மாற்றினார், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் இதழின் கோணம் எவ்வளவு, எதிலிருந்து எதுவரை அந்தக் கோணம் வேலை செய்கிறது என்று ஏஜென்ட் துருவித் துருவிக் கேட்பார். எதெது தனக்கே சொந்தம் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கையை அகலமாக எழுதினால் ஏற்கெனவே வெளியான ஏதோ ஒரு கண்டுபிடிப்பைக் காட்டி காப்புரிமை அலுவலக ஆய்வாளர் மறுப்பார். ரொம்பக் குறுக்கினால் போட்டியாளர் கோணத்தைக் கொஞ்சம் மாற்றித் தாண்டிப் போய்விடுவார். ஆய்வாளரின் ஆட்சேபங்களோடு முதல் ஆய்வறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். அதற்குள் முறைப்படி நீட்டிப்பு கேட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அனுமதித்த கெடுவெல்லாம் தாண்டிவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் ஒரு தொழிலுக்கே காவல். அந்தக் காவலை எழுத்தில் கட்டுபவர் இந்த ஏஜென்ட்தான்.

ஆனால் அவர் எவ்வளவு உயரம் போகலாம்? வழக்கறிஞர் அல்லாதவரோடு கூட்டுச் சேர்ந்து வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்கிறது வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி. ஆகவே எத்தனை வருடம் உழைத்தாலும் வழக்கறிஞர் நிறுவனத்தில் அவர் பார்ட்னர், அதாவது வருமானத்தில் பங்குள்ள கூட்டாளி, ஆக முடியாது. "மூன்று வருஷம் எல்எல்பி முடிச்சிட்டு வாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வகுப்பு வருகைப் பதிவோடு கூடிய படிப்பை, குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு எப்படி முடிப்பது? அதனால் தேர்ந்த ஏஜென்ட்டுகள் தனியாகப் போய்விடுகிறார்கள், இல்லாவிட்டால் கம்பெனிகளின் சொந்தக் காப்புரிமைப் பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். இழப்பு நிறுவனத்துக்குத்தான்.

இங்கிலாந்தில் 2007 சட்டச் சேவைகள் சட்டம், உரிமம் பெற்ற நிறுவனங்களில் வழக்கறிஞர் அல்லாதவரும் பங்குதாரராக வழி செய்தது. அங்கே தொழிலின் மானம் ஒன்றும் போய்விடவில்லை. இங்கே குறைந்தபட்சம், ஒரு சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டு பதிவேட்டில் பெயர் உள்ள பேட்டன்ட் ஏஜென்ட்டுகளுக்காவது அந்த விதியில் விலக்கு தரலாம். பணக் கணக்கு மட்டும் பார்க்கும் முதலீட்டாளரை உள்ளே விடச் சொல்லவில்லை.

விதி மாறும்வரை நிறுவனங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பார்ட்னருக்கு இணையான சம்பளமும் பதவிப் பெயரும் கொடுக்கலாம். கட்சிக்காரரிடம் பேசும்போது அவரைப் பின்வரிசையில் உட்கார வைக்காமல் அவரையே பேச விடலாம். இதற்கு எந்த பார் கவுன்சிலின் அனுமதியும் வேண்டாம்.